கழுத்து வலி போயிடுச்சு, மூட்டை தூக்கலாமா?

கழுத்து டிஸ்க் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தேன். (டிஸ்க் என்பது எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் ஜவ்வு.) வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கவே ஒரு முழு நாள் ஆயிற்று. கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர்கள்தான் எழுதுவார்கள் என்று நினைத்திருந்தேன், பாதிக்கு மேல் உடம்பை வைத்துப் பிழைப்பவர்கள் எழுதியது. கேள்வியும் சுற்றிச் சுற்றி ஒன்றுதான்: எப்போது வேலைக்குத் திரும்பலாம்? ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பிசியோதெரபிஸ்ட், உங்கள் கழுத்தைத் தொட்டுப் பார்த்ததில்லை. தொட்டுப் பார்த்த டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னதுதான் செல்லும்.

கேள்வி: வயது 38. லாரியில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. மூன்று மாதத்துக்கு முன்னால் மூட்டையைத் தோளுக்கு ஏற்றும்போது கழுத்தில் சுரீர் என்றது. மறுநாள் வலது கை முழுக்க எரிச்சல், ராத்திரி தூக்கமே இல்லை. ஸ்கேனில் சி6-சி7 டிஸ்க் விலகல் என்றார்கள். மாத்திரை, பிசியோ, ஓய்வு என்று ஓடியது. இப்போது வலி சுத்தமாக இல்லை, நடுவிரல் நுனி மட்டும் மதமதவென்று இருக்கிறது. டாக்டர் வேலைக்குப் போகலாம் என்றார், எவ்வளவு தூக்கலாம் என்று சொல்லவில்லை. முதலாளி திங்கட்கிழமை வரச் சொல்கிறார். 50 கிலோ மூட்டை தூக்கலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: திங்கட்கிழமை போங்கள், 50 கிலோ வேண்டாம். பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள், உங்களை மாதிரி எழுதிய இன்னும் பத்துப் பேருக்கும் சேர்த்துத்தான் இது.

வலி போனது நல்ல செய்தி. ஆனால் கையில் எவ்வளவு பலம் இருக்கிறது என்பதை வலி சொல்லாது. சி6-சி7, அதாவது கழுத்தின் ஆறாவது, ஏழாவது எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் பிதுங்கினால் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது ஏழாவது நரம்பு வேர், தண்டுவடத்திலிருந்து கைக்குப் போகும் நரம்பு கிளம்புகிற இடம். (கழுத்தில் எலும்பு 7, நரம்பு வேர் மட்டும் 8 ஜோடி. இந்தக் கணக்கில் படிக்கிற காலத்தில் நாங்களே தடுமாறியிருக்கிறோம்.) அந்த வேர் முக்கியமாகப் போய்ச் சேருவது முழங்கையை நீட்டுகிற தசைக்கு, அதாவது மேற்கையின் பின்பக்கம் இருக்கும் ட்ரைசெப்ஸுக்கு. தொடு உணர்வில் அதன் பங்கு நடுவிரல். உங்கள் விரல் மதமதப்பு அங்கிருந்து வருவதுதான்.

நரம்பு தேறுவதற்குப் பொதுவாக ஒரு வரிசை உண்டு. வலி முதலில் விடும், அப்புறம் பலம் வரும், மரப்பு கடைசியாகத்தான் கிளம்பும், சிலருக்கு லேசாகத் தங்கியும்விடும். வெறும் அழுத்தம் பட்ட நரம்பு சீக்கிரம் எழுந்துவிடும், உள்ளே இழைகள் சேதப்பட்டிருந்தால் அவை மறுபடி வளர்கிற வேகம் நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான், கழுத்திலிருந்து விரல் நுனிவரை எவ்வளவு தூரம் என்று நீங்களே அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். அதனால் விரல் நுனி மரத்திருக்கிறது என்பதற்காக மட்டும் நான் யாரையும் வீட்டில் உட்கார வைப்பதில்லை. பலம் குறைந்திருந்தால் உட்கார வைப்பேன், வலி துளியும் இல்லாவிட்டாலும் சரி.

அதைப் பார்க்க ஒரு வழி. சுவரிலிருந்து கை நீளத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தள்ளி நில்லுங்கள். இடது உள்ளங்கையை மட்டும் சுவரில் ஊன்றி, முழங்கையை மடக்கிச் சுவர் பக்கம் சாய்ந்து, மறுபடி நீட்டித் திரும்பி வாருங்கள். பத்து முறை. பிறகு வலது கையால் அதே பத்து. நீங்கள் வலது கைக்காரர் என்றால் வலதுதான் சுலபமாக வர வேண்டும். ஆறாவது ஏழாவது முறையிலேயே நடுங்குகிறது, முழங்கை தானாக மடிந்துகொள்கிறது, தோளைக் காதுவரை தூக்கித்தான் தள்ள முடிகிறது என்றால் நரம்பு இன்னும் முழுசாக வேலைக்கு வரவில்லை. அப்படி இருக்கையில் மூட்டையை மேலே தள்ளினால், கை செய்ய வேண்டிய வேலையைக் கழுத்தும் தோளும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யும், அடிபட்ட இடமும் அதே கழுத்து. முதலில் டாக்டரிடமோ பிசியோவிடமோ பலத்தைச் சோதித்துக்கொண்டு வாருங்கள்.

இரண்டு கையும் சமம், சரி, அப்போதும் ஒரே தாவில் 50 கிடையாது. அமெரிக்காவில் நியாஷ் என்று தொழில் பாதுகாப்புக்கான ஆய்வு நிறுவனம் ஒன்று இருக்கிறது, அவர்கள் 1991-இல் திருத்திய ஒரு தூக்குக் கணக்கு உண்டு. சுமை உடம்பை ஒட்டி இருக்கிறது, இடுப்பு உயரத்தில் இருக்கிறது, முறுக்கித் திரும்ப வேண்டியதில்லை, எப்போதாவதுதான் தூக்க வேண்டும், இப்படி எல்லாமே சாதகமாக இருந்தால் அவர்கள் பரிந்துரைக்கும் உச்சம் 23 கிலோ. சுமையின் நடுப்பகுதி கணுக்காலிலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும்போது அந்த அளவு. 50 சென்டிமீட்டர் தள்ளிப்போனால் சரிபாதி, 11.5 கிலோ. நாள் முழுக்க 50 கிலோ தூக்கியவரிடம் போய் 23 என்று சொன்னால் சிரிப்பீர்கள் என்று தெரியும். அது இடுப்பை மனதில் வைத்துப் போட்ட கணக்கும்கூட. ஆனால் அந்தத் தூரக் கணக்கு கழுத்துக்கும் ஆகும்: கையை நீட்டிச் சுமையைப் பிடிக்கும்போது தோள்பட்டையைத் தாங்குகிற தசைகள் இறுகுகின்றன, அவற்றின் மறுமுனை கழுத்தெலும்பில் கட்டியிருக்கிறது, அவை இறுகினால் டிஸ்க்கும் சேர்ந்து நசுங்குகிறது. ஆக, எடையைக் குறைக்க முடியாத இடத்தில் தூரத்தையாவது குறைக்கலாம். மூட்டை நெஞ்சோடு ஒட்டி இருக்கட்டும்.

முதல் இரண்டு வாரம் 10 கிலோவுக்குள், அரை நாள், முடிந்தவரை தள்ளுவண்டியில். அப்புறம் ஒன்று எடையைக் கூட்டுங்கள், இல்லையென்றால் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், ஒரே வாரத்தில் இரண்டையும் கூட்ட வேண்டாம். தினமும் காலையில் எழுந்ததும் ஒரு கணக்குப் பாருங்கள். நேற்றைய வேலையால் தோளும் பிடரியும் கொஞ்சம் கனத்திருந்து, பல் துலக்கி முடிப்பதற்குள் லேசாகிவிட்டால் பயமில்லை, மூன்று மாதம் சும்மா இருந்த தசை அப்படித்தான் முனகும். வலி முழங்கையைத் தாண்டிக் கீழே இறங்கியிருந்தால் ஒரு படி பின்னால் போங்கள், முந்தின வாரத்து எடைக்கு. கையில் இருந்த வலி மேலே ஏறிக் கழுத்தோடு நின்றுவிட்டது என்றால், கழுத்து முன்பைவிட வலித்தாலும்கூட, அது பெரும்பாலும் நல்ல அறிகுறி.

தலைமேல் சுமை இப்போதைக்குக் கூடவே கூடாது. ஒற்றைத் தோளில் வைப்பதும் கடைசிக் கட்டத்தில்தான், ஏனென்றால் மூட்டை ஒரு பக்கம் ஏறியதும் கழுத்து மறுபக்கம் ஒடிந்த மாதிரி சாய்ந்து நிற்கும், அந்த நிலையில்தான் லாரிப் பலகைமேல் ஏறி இறங்குவீர்கள். அப்புறம், மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தூக்குகிற பழக்கம் இருந்தால் விடுங்கள், தூக்கும்போது மூச்சு வெளியே போகட்டும்.

முதலாளி விஷயத்தில் என் அனுபவம் இது: “இன்னும் முடியலைங்க” என்று போய் நின்றால் ஆள் மாற்றத்தான் யோசிப்பார்கள். ஃபிட் என்ற ஒற்றை வார்த்தைச் சான்றிதழும் உங்களுக்கு உதவாது, மறுநாளே 50 கிலோ கைக்கு வரும். எத்தனை கிலோ, எத்தனை மணி நேரம், எத்தனை வாரம் என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். ஆறு வாரத்துக்கு மட்டும் என்று தாளில் இருந்தால், கறாரான முதலாளிகூட ஆறு வாரம்தானே என்று சரக்குக் கணக்கு எழுதுகிற வேலையைக் கொடுக்கிறார்.

கேள்வி: வயது 44, தோட்ட வேலை. ரிப்போர்ட்டில் மூன்று இடத்தில் டிஸ்க் பிதுக்கம், நீர் வற்றல், எலும்பு முளைத்திருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். வலி இடது பக்கம் மட்டும்தான், அதுவும் குறைந்துகொண்டு வருகிறது. மூன்று டிஸ்க்கும் போன பிறகு மண்வெட்டி பிடிக்க முடியுமா?

பதில்: போன டிஸ்க் என்று எதுவும் இல்லை. ஜப்பானில் கழுத்துத் தொந்தரவே இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2015-இல் வெளியிட்டார்கள். 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது, இருபதுகளில் இருந்தவர்களிலேயே ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு. உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் மூன்றில் இரண்டு பல வருஷமாகச் சத்தமில்லாமல் அங்கேயே இருந்திருக்கலாம். எந்த இடத்துப் பிதுக்கம் உங்கள் கைவலியோடு பொருந்துகிறது என்று சோதித்துச் சொல்ல வேண்டியது டாக்டர், ரிப்போர்ட்டை நடுராத்திரி உட்கார்ந்து வரி வரியாகப் படிப்பதால் ஒன்றும் தெரியாது, தூக்கம்தான் போகும்.

இன்னொன்று, பிதுங்கி வெளியே வந்த துண்டை உடம்பே அரித்துக் கரைத்துவிடுவதும் உண்டு. நோய் எதிர்ப்பு அணுக்கள் அதை வேற்றுப் பொருளாக நினைத்துத் தின்கின்றன. பெரிதாக வெளியே வந்து விழுந்த துண்டுதான், சின்னப் பிதுக்கத்தைவிட, நன்றாகக் கரைகிறது என்பது இதில் வேடிக்கை. மண்வெட்டி பிடிக்கலாம், காம்பு நீளமாக இருக்கட்டும். குனிந்தபடி தலையை மட்டும் நிமிர்த்தி முன்னால் பார்க்கிற பழக்கத்தை விடுங்கள், தோட்டக்காரர்களுக்குக் கழுத்தைக் கெடுப்பது குனிவதைவிட அதுதான்.

கேள்வி: நான் பெயின்டர். கழுத்துப் பட்டை போட்டுக்கொண்டு ஏழு வாரமாக வேலைக்குப் போகிறேன். கழற்றினால் பயமாக இருக்கிறது. கூரைக்கு அடிக்கும் நாளில் இடது கையில் குத்தல் வருகிறது. கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டால் குறைகிறது, இது ஏன்?

பதில்: பட்டையோடு ஏணி ஏறுகிறீர்களா? உங்கள் காலே உங்களுக்குத் தெரியாதே. கழுத்தைவிட இடுப்பு உடைகிற வாய்ப்புதான் அதிகம். கைவலி கடுமையாக இருக்கும் ஆரம்ப நாட்களில் பட்டை உதவும், மூன்றிலிருந்து ஆறு வாரம் என்பது சரியான அளவு, அதற்கு மேல் போனால் கழுத்துத் தசை தன் வேலையையே மறந்துவிடுகிறது, நீங்கள் சொல்லும் பயமும் அங்கிருந்து வருவதுதான். ஒரே நாளில் வீசிவிட வேண்டாம், தினம் ஒரு மணி நேரம் குறைத்துக்கொண்டே வாருங்கள், அதுவரை வேலை தரையில் நின்று செய்வதாக இருக்கட்டும்.

கையைத் தலைமேல் வைத்தால் குறைவதற்குக் காரணம், அந்த நிலையில் நரம்பு வேரின் இழுவிசை தளர்கிறது. வலி தோள் மூட்டிலிருந்து வரவில்லை, கழுத்திலிருந்துதான் வருகிறது என்பதற்கு அது ஒரு துப்பு, அடுத்த முறை டாக்டரிடம் சொல்லுங்கள். அண்ணாந்து பார்க்கும்போது நரம்பு வெளியே வருகிற துவாரம் சுருங்குகிறது, அண்ணாந்தபடி வலிக்கிற பக்கமே தலையைத் திருப்பினால் இன்னும் சுருங்குகிறது. கூரைக்கு நீளக் கம்பு போட்ட ரோலர் எடுங்கள், நேர் கீழே நிற்காமல் நாலடி தள்ளி நின்றால் சாய்வாகப் பார்த்தே அடிக்கலாம். பத்து நிமிஷம் கூரை, அப்புறம் சுவர், மறுபடி கூரை என்று மாற்றுங்கள், ஒரு கூரையை முடித்துவிட்டுத்தான் கீழே பார்ப்பேன் என்ற வைராக்கியம் வேண்டாம். (வெல்டர் ஒருவரும் எழுதியிருந்தார், அவருக்கும் இங்கேயே: தலையை வெடுக்கென்று ஆட்டி முகமூடியைக் கீழே இறக்குகிறீர்கள் அல்லவா, ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று எண்ணிப் பாருங்கள். கையால் இறக்குங்கள், இல்லையென்றால் தானாகக் கறுக்கும் கண்ணாடி வைத்த முகமூடிக்கு மாறிவிடுங்கள்.)

கேள்வி: என் வீட்டுக்காரர் கொத்தனார். ஐந்து மாதமாக வீட்டில் இருக்கிறார். வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லி ஆறு வாரம் ஆகிறது. மறுபடி ஜவ்வு நகர்ந்துவிடும் என்று ஒரு வாளி தண்ணீர்கூடத் தூக்குவதில்லை. எந்நேரமும் படுத்துக்கொண்டு போன் பார்க்கிறார். நான் சொன்னால் சண்டை வருகிறது. சோம்பேறி ஆகிவிட்டான் என்று என் மாமியாரே சொல்கிறார்.

பதில்: அம்மா, உங்கள் வீட்டுக்காரர் சோம்பேறி இல்லை, மாமியாரிடமும் சொல்லுங்கள். ராத்திரி பகல் கை எரிந்துகொண்டிருந்த ஒரு மாதம் அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்த வலியை அனுபவித்தவர் வாளியைப் பார்த்துப் பயப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் அந்தப் பயத்தோடு ஐந்து மாதம் படுத்திருப்பது இப்போது தனி நோயாக வளர்ந்துகொண்டிருக்கிறது. டிஸ்க்குக்குள் ரத்தக் குழாய் கிடையாது, வெளி விளிம்பில் கொஞ்சம் இருப்பதோடு சரி. சத்தும் நீரும் பக்கத்து எலும்பிலிருந்து கசிந்துதான் உள்ளே போக வேண்டும், கழுத்து அசைந்துகொண்டிருந்தால் அதற்கு நல்லது. தலை நாலரை, ஐந்து கிலோ எடை, அதைத் தாங்குகிற முன்கழுத்தின் ஆழத் தசைகள் படுத்தே கிடந்தால் மெலிந்துவிடும், அப்புறம் நிஜமாகவே சின்ன வேலைக்கும் கழுத்து வலிக்கும், “பார்த்தியா, நான் சொன்னேன்ல” என்பார்.

வேலைக்குப் போ என்பதை ஒரு பத்து நாள் நிறுத்தி வையுங்கள். சாயங்காலம் நடக்கக் கூட்டிக்கொண்டு போங்கள், இருபது நிமிஷம் போதும். படுத்துத்தான் இருக்கிறார், அதையே உபயோகப்படுத்தலாம்: மல்லாந்து படுத்து, தலையணையிலிருந்து தலையைத் தூக்காமல், ஆமாம் என்று தலையசைக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தின மாதிரி தாடையை மெதுவாக உள்ளே இழுத்துப் பத்து விநாடி வைத்திருக்கட்டும். பத்து முறை. முன்கழுத்தில் பெரிய நரம்பு மாதிரி தசை புடைத்தால் அதிகமாக இழுக்கிறார் என்று அர்த்தம், குறைக்க வேண்டும். பார்க்க இது ஒரு பயிற்சி மாதிரியே இருக்காது, “இதுக்கா காசு வாங்குறீங்க” என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது வாரத்தில் வீட்டிலேயே அவருடைய தொழில். நாலு செங்கல்லை இடுப்பு உயரத் திண்டில் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றட்டும். மறுநாள் கை எரியவில்லை என்று அவரே பார்த்த பிறகு எட்டு. டிஸ்க் நகராது என்று நான் நூறு முறை எழுதுவதைவிட எட்டுச் செங்கல் அவரிடம் நன்றாகப் பேசும். கரண்டி பிடிக்கிற கை, சாந்துச் சட்டி தூக்குகிற கை இரண்டும் பழக்கத்துக்கு வந்ததும், தெரிந்த மேஸ்திரி யாராவது இருந்தால் வாரத்தில் மூன்று நாள், பூச்சு வேலை இல்லாமல் கட்டு வேலை மட்டும் என்று கேட்டுப் பாருங்கள், அதிலும் நெஞ்சு உயரத்துக்குள் இருக்கும் வரிசைகள். தோளுக்கு மேல் போகும் வேலை கடைசியில்.

கேள்வி: கழுத்தைப் பிடித்துத் திருப்பி நெட்டி முறித்துவிட்டால் நகர்ந்த டிஸ்க் உள்ளே போய்விடும் என்கிறார்களே?

பதில்: போகாது. கேட்கிற சத்தம் மூட்டுக்குள் வாயுக் குமிழி செய்வது, டிஸ்க்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கையில் மரப்போ பலக்குறைவோ இருக்கும் கழுத்தை யாரும் வெடுக்கென்று திருப்பக் கூடாது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் ஒன்று கழுத்தெலும்புத் துவாரங்கள் வழியாகத்தான் ஏறுகிறது, அது கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அபூர்வம்தான், ஆனால் எதற்கு?

கேள்வி: நரம்பு வலிக்குப் ப்ரீகாபலின் மாத்திரை சாப்பிடுகிறேன். சாரத்தில் ஏறி வேலை செய்யலாமா?

பதில்: அது மயக்கமும் தலைசுற்றலும் தரக்கூடிய மாத்திரை, ஆரம்பிக்கும்போதும் அளவைக் கூட்டும்போதும் அதிகமாக. அந்த நாட்களில் சாரம், ஏணி, ரம்பம், வண்டி எதுவும் வேண்டாம். என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொன்னீர்களா? பாதிப் பேர் சொல்வதில்லை. வேலை நேரத்தைப் பொறுத்து அவரால் மாற்றித் தர முடியும். வேலைக்குப் போக வேண்டும் என்று நீங்களாகப் பட்டென்று நிறுத்தவும் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

கேள்வி: முன்கழுத்தில் அறுத்து டிஸ்க்கை எடுத்துவிட்டு எலும்பை இணைத்துத் தகடு வைத்தார்கள். பத்து வாரம் ஆகிறது, வலியே இல்லை. தச்சு வேலைக்கு எப்போது போகலாம்?

பதில்: தகடும் திருகும் தற்காலிகக் காவல்தான், இரண்டு எலும்பும் ஒன்றாகக் கூடுவதுதான் நிஜமான குணம், அதற்குப் பெரும்பாலும் மூன்றிலிருந்து ஆறு மாதம், சிலருக்கு அதற்கும் மேல். பத்து வாரத்தில் வலி இல்லை என்பது நரம்பு விடுபட்டதைச் சொல்கிறது, எலும்பு கூடியதைச் சொல்லவில்லை. எக்ஸ்ரே பார்த்து உங்கள் சர்ஜன் சரி என்ற பிறகுதான் கனமான மரமும் இழைப்புளியும். புகைப்பீர்கள் என்றால் இன்றைக்கே நிறுத்துங்கள், எலும்பு கூடாமல் போவதற்கு அது பெரிய காரணம். கூடிய பிறகு பெரும்பாலானவர்கள் பழைய வேலைக்கே போகிறார்கள். ஒரு மூட்டு அசையாததால் மேலும் கீழும் இருக்கும் டிஸ்க்குகளுக்குப் பாரம் கூடும், 1999-இல் வந்த ஓர் ஆய்வில் ஆண்டுக்குச் சுமார் 3 சதவீதம் பேருக்குப் பக்கத்து இடத்தில் புதிதாகத் தொந்தரவு வந்திருந்தது. அதனால் வேலை மேடையின் உயரத்தைக் கூட்டுங்கள், மணிக்கணக்கில் குனிந்து இழைக்கிற பழக்கத்தை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வயது 52. போன வருஷம் கழுத்து டிஸ்க் வலி வந்து போய்விட்டது. இப்போது வலி கொஞ்சமும் இல்லை, வேலைக்கும் போகிறேன். ஒரு மாதமாகச் சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுகிறது, கையிலிருந்து ஸ்பேனர் நழுவுகிறது, நடந்தால் குடித்தவன் மாதிரி கால் போகிறது. தலையைக் குனிந்தால் முதுகில் கரண்ட் அடிக்கிற மாதிரி இறங்குகிறது. வலி இல்லாததால் விட்டுவிடலாமா? (மெக்கானிக்)

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்த அன்றே, இதழ் அச்சுக்குப் போவதற்குக் காத்திருக்காமல், அதில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்: இவர் சொன்ன நாலும் கைக்குப் போகும் நரம்பு வேரோடு நிற்கிற விஷயம் இல்லை, தண்டுவடமே அழுத்தப்படும்போது வருபவை. வலியே இல்லாமல் வரலாம், அதுதான் இதில் மோசம். சிறுநீர் அடக்க முடியாமலோ பிரியாமலோ போனால் அடுத்த நாள் வரைகூடப் பொறுக்கக் கூடாது. பயிற்சி, பட்டை, மசாஜ் எதுவும் இதற்கு மருந்தில்லை, நேராக எலும்பு அல்லது நரம்பு அறுவை டாக்டரிடம் போக வேண்டும், ஏனென்றால் தண்டுவடத்தில் இழந்ததை முழுசாகத் திரும்பப் பெறுவது கஷ்டம், சீக்கிரம் அழுத்தத்தை எடுத்தால் மேலே மோசமாகாமலாவது நிறுத்தலாம். அவர் “திங்கட்கிழமை ஒரு வண்டி டெலிவரி இருக்கு, முடிச்சிட்டுப் போறேன்” என்றார். போனை அவர் மகளிடம் கொடுக்கச் சொன்னேன். சனிக்கிழமையே ஸ்கேன் எடுத்துவிட்டார்கள் என்று அந்தப் பெண் தகவல் அனுப்பியிருக்கிறாள், வண்டியைத் தம்பி முடித்துக் கொடுக்கிறானாம்.